எழுப்புதல் பற்றி

தூங்குகிறவனுக்குக் கடமை உண்டா? விழித்திருக்கையில் ஏற்றுக்கொண்ட பொறுப்பு தூக்கத்துக்குள்ளும் தொடர்கிறதா, அல்லது இமை மூடியதும் வேறு எதன் கைக்காவது போய்விடுகிறதா? 1985இல், திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் நாங்கள் குடியிருந்த வீட்டில், கட்டிலருகே வைத்திருந்த ஒரு ரேடியோ கடிகாரம் எனக்குக் கொடுத்த கேள்வி இது. இத்தனை வருஷங்களுக்குப் பிறகு, கேள்வியைச் சரியாக வைக்கவாவது முடியும் என்று தோன்றுகிறது.

அப்பா அப்போது தொடை எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் படுத்திருந்தார். காயத்தில் சீழ் பிடித்திருந்ததால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. காலை எட்டு, பகல் இரண்டு, இரவு எட்டு, பிறகு நடு இரவில் இரண்டு. அந்தக் கடைசி இரண்டு மணி என்னுடையது. மாத்திரை கொடுப்பது, மூத்திரப் பாத்திரம் வைத்து எடுப்பது, தலையணையை மாற்றிப்போடுவது, எல்லாம் சேர்ந்து பத்து நிமிட வேலை. “ராத்திரி நான் பாத்துக்கறேன்ப்பா” என்று சொல்லியிருந்தேன். சாவி கொடுக்கிற பழைய டைம்பீஸ் ஒன்று என்னை எழுப்பி வந்தது. அது அடித்தால் வீடே எழும். அயர்ந்திருக்கும் அப்பாவின் உடம்பு ஒரு கணம் தூக்கிப்போடும். கட்டுக்குள் கால் அசைந்து முகம் கோணும். ஒவ்வொரு இரவும் அவரை வலியால் எழுப்பிவிட்டு அதற்குப் பிறகு மருந்து கொடுப்பது எனக்குச் சகிக்கவில்லை.

அந்தச் சமயம் ரியாத்திலிருந்து விடுமுறையில் வந்த அத்தை மகன் ஜப்பானில் செய்த ரேடியோ கடிகாரம் ஒன்றைக் கொடுத்தான். கறுப்புப் பெட்டி, சிவப்பு எண்கள், டிக் டிக் என்ற சத்தம் கூடக் கிடையாது. குறித்த நேரத்தில் கர்ண கடூரமாகக் கத்தவும் செய்யும். வேண்டுமென்றால் அதற்குப் பதில் ரேடியோவைப் பாட வைக்கும். பாட்டு எழுப்பட்டும் என்று நான் எடுத்த முடிவில் கனிவைத் தவிர வேறெதுவும் இருந்ததாக நினைவில்லை.

முதல் நாள் மாலையே அது மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. ஆறு மணிக்குச் சரிசெய்து வைத்தேன். ஒன்பது மணிக்கு எட்டரை காட்டியது. பழுது என்று நினைத்தேன். அடிப்புறத்தில் நகத்தால்தான் நகர்த்த முடியும்படி ஒரு சிறிய விசை இருந்தது. ஒரு பக்கம் 50, மறுபக்கம் 60. அப்போதுதான் விஷயம் புரிந்தது. மின்சாரம் இருக்கும்வரை இந்த வகைக் கடிகாரம் தானாக எதையும் அளப்பதில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் துடிப்பை எண்ணுகிறது. ரியாத்தில் விநாடிக்கு 60 துடிப்பு. நம் ஊரில் 50. அறுபது எண்ணினால்தான் ஒரு விநாடி என்று அதற்குச் சொல்லியிருந்தது. அதன்படி எண்ணிற்று.

பிற்காலத்தில் இதே விஷயம் ஒரு கண்டம் முழுவதும் நடந்தது. 2018 தொடக்கத்தில் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான தகராறில் மின்சாரக் கணக்கில் துண்டு விழுந்தது. ஸ்பெயினிலிருந்து துருக்கிவரை ஒரே வலையில் இணைந்திருந்த 25 நாடுகளில் துடிப்பு மிகச் சிறிதளவு தளர்ந்தது. மார்ச் மாதத்துக்குள் படுக்கையறைக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கிவிட்டன. அவற்றில் ஒன்றில் கூடப் பழுதில்லை. வந்ததை வந்தபடி எண்ணின. நம்பகம் வேறு, பொறுப்பு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஒரு பொருள் முற்றிலும் நம்பகமாக இருந்துகொண்டே நம்மைக் கைவிட முடியும். ஏனெனில் நம்மை அது ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

ஆனால் அன்று நான் நம்பகத்தைத்தான் பொறுப்பு என்று எண்ணியிருந்தேன். மறுநாள் மாலை அரைமணி நேரம் அதோடு உட்கார்ந்தேன். விசையை ஐம்பதுக்குத் தள்ளினேன். நேரம் வைத்தேன், ஒரு நிமிடம் தாண்டிவிட்டால் பின்னே வர வழியில்லாமல் முழுச் சுற்றும் சுற்றி வந்தேன். இரண்டு மணி பகலா இரவா என்று காட்டுகிற சிவப்புப் புள்ளியை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். மின்சாரம் போனால் நேரம் தொலையாமலிருக்க ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டேன். ரேடியோவில் சென்னை நிலையத்தைப் பிடித்து, அப்பாவைத் திடுக்கிட வைக்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தேன். சோதனையும் செய்தேன். ஏழரைக்கு அலாரம் வைத்தேன். ஏழரைக்கு நாதஸ்வரம் வந்தது. அப்பா கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு இதமாக இருந்தது.

ஏழரைக்கு ஒலிக்கும் நிலையம் இரண்டு மணிக்கு ஒலிக்காது என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? பதினொரு மணிவாக்கில் நிகழ்ச்சி முடித்து நிலையத்தை மூடிவிடுவார்கள் என்பது அந்த நாளில் குழந்தைகளுக்கும் தெரியும். தெரிந்த விஷயம் வேண்டிய இடத்தில் வந்து நிற்கவில்லை. என் கவனம் முழுவதும் பெட்டிக்குள் இருந்தது.

கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. கடிகாரம் 5:52 காட்டியது. மிகச் சரியான நேரம். அப்பா விழித்திருந்தார். இடுப்பின் மேல் துண்டை மடித்துப் போட்டிருந்தார். துண்டின் அடியில் வேட்டியும் விரிப்பும் நனைந்திருந்தன. முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். வெளுத்த வேட்டி இல்லாமல் வாசற்படி தாண்டாதவர்.

நான் கேட்டேன். சொன்னார். சரியாக இரண்டு மணிக்கு ரேடியோ வந்ததாம். ‘உஸ்’ என்ற இரைச்சல். இடையிடையே எங்கோ தூரத்து நிலையத்தின் புரியாத பாஷை. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் அப்படியே ஓடிவிட்டு நாலு மணிக்குத் தானாக ஓய்ந்ததாம்.

“கூப்பிட்டிருக்கலாமேப்பா.”

“நல்லாத் தூங்கிட்டிருந்தே. எழுப்ப மனசு வரலை.”

டாக்டரிடம் பகலில் போய்ச் சொன்னேன். ஒரு வேளை தப்பியதால் ஒன்றுமில்லை, தொடர்ந்து கொடுங்கள் என்றார். உண்மையில் ஒன்றும் ஆகவில்லை, காயம் ஆறியது, அதன் பிறகு பல வருஷம் அப்பா நடமாடினார். ஒன்றும் ஆகவில்லை என்பது என் தவறைக் குறைக்கிறதா? விளைவைப் பொறுத்துத் தவறின் கனம் மாறுமா என்று 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுதியிருக்கிறார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய இருவரில் குழந்தை குறுக்கே வராதவனும் வந்தவனும் சமமான குற்றவாளிகளா என்பது போன்ற கேள்விகள். என் விஷயத்தில் இந்த விவாதம் பாதிதான் பொருந்துகிறது. மருந்தின் கணக்கில் நான் அதிர்ஷ்டசாலி. நனைந்த விரிப்பின் கணக்கில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. அது நடந்துவிட்டது, பின்னால் வந்த எந்த நன்மையாலும் அழியாதபடி நடந்துவிட்டது.

அலாரம் கடிகாரத்தைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் என்று சார்த்தரைத்தான் சொல்லவேண்டும். 1943இல் வந்த ‘இருத்தலும் இன்மையும்’ நூலில் அதைப் பற்றிப் பேசுகிறார். மணி அடித்ததும் எழுந்துவிடுகிறேன். எழுந்துவிடுவதாலேயே, இந்த வேலை எனக்கு வேண்டுமா, இந்த வாழ்வு நான் தேர்ந்ததா என்ற கேள்வியிலிருந்து தப்புகிறேன். மணி என்னைச் சுதந்திரத்தின் பதற்றத்திலிருந்து காப்பாற்றுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆழமான பார்வைதான். ஆனால் அந்த அறையில் ஒரே ஒருவன்தான் இருக்கிறான். கடிகாரமும் அவனும், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவர் விழித்துக் கிடந்தால் அந்த மணிக்கு என்ன பொருள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் எஞ்சியது.

இந்தக் கடிகாரத்தின் பொத்தான்களில் எல்லாம் பெரியது, மேற்புறம் முழுக்க நீண்டு கிடப்பது, எழுவதைத் தள்ளிப்போடும் பொத்தான். ஒரு தட்டு தட்டினால் ஒன்பது நிமிடம் வாய்தா. 1956இல் அமெரிக்காவில் இப்படியொரு வசதியோடு அலாரம் விற்பனைக்கு வந்ததிலிருந்து உலகம் அதை விரும்பி ஏற்றுக்கொண்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து படிப்பேன் என்று எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் வாக்கில் கடன் கொடுத்தவனும் நானே, வாங்கியவனும் நானே. தள்ளுபடி செய்ய எனக்கு உரிமை உண்டு. இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு அப்படியல்ல. அதை மன்னிக்கவோ, தள்ளிவைக்கவோ, நினைவூட்டவோ, திட்டிக் கேட்கவோ உரிமை உள்ள ஒரு மனிதர் எதிரில் இருக்கிறார்.

நான் செய்த தவறு இந்த இடத்தில்தான் என்று இப்போது படுகிறது. வாக்கை அப்பாவுக்குக் கொடுத்தேன். அதற்கான ஏற்பாட்டையெல்லாம் கடிகாரத்தோடு முடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் பெட்டியிடம் செலவழித்தவன், “நான் எழலேன்னா கூப்பிடுங்க” என்று நாலு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததால் எங்கள் இருவருக்கும் இடையிலிருந்த ஒரு காரியம் எனக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான காரியமாக மாறிப்போயிற்று. அப்பா அதற்கு வெளியே ஒரு பார்வையாளராகப் படுத்துக் கிடந்தார். இயந்திரம் தன் வேலையைச் செய்தது, விழித்திருந்தவரை எழுப்பிற்று.

விழித்திருப்பவரை எழுப்புவது நமக்குப் புதிதல்ல. திருப்பள்ளியெழுச்சி அதைத்தான் செய்கிறது. உறங்குவதுபோல் கிடந்து எல்லாம் அறிபவன் என்று நம்பிக்கொண்டே அவனை எழுந்திரு என்று கேட்கிறோம். திருப்பாவையின் முப்பது பாட்டில் பத்துப் பாட்டு, ஆறிலிருந்து பதினைந்துவரை, தோழிகளை எழுப்புவதற்கே போய்விடுகிறது. வாசலில் நின்று கெஞ்சல், கேலி, கோபம். பதினைந்தாவதில் உள்ளே இருப்பவளும் சரிக்குச் சரி பதில் பேசுகிறாள். எழுப்புதல் அங்கே பேச்சாக இருக்கிறது. எழுப்புகிறவளுக்கு எழுப்பும் உரிமை இருக்கிறது. எழுகிறவளுக்கு வாதாடும் உரிமை இருக்கிறது. என் கட்டிலருகே அந்தப் பேச்சு இல்லை. நான் அவரை அதிராமல் காக்க நினைத்தேன். அவர் என் தூக்கத்தைக் காக்க நினைத்தார். இரண்டும் அன்புதான். பேசிக்கொள்ளாத அன்பு இரண்டும் சேர்ந்து ஒரு மனிதரை நாலு மணி நேரம் ஈரத்தில் கிடத்தின.

அப்படியானால் தவறில் அவருக்கும் பங்குண்டா? இதைச் சொல்ல நா கூசுகிறது. ஆனால் தவிர்க்கவும் கூடாது. கூப்பிடாமலிருந்தது அவர் எடுத்த முடிவு. எனக்கு என் வாக்கைக் காப்பாற்றக் கிடைத்த கடைசி வாய்ப்பை, என் நன்மைக்காகவே, அவர் எடுத்துக்கொண்டார். தியாகம் சில சமயம் மற்றவனைக் கடனாளியாக நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது. ஆயினும் கூப்பிட அவருக்கு உரிமை உண்டு என்பதை முதலில் நான் சொல்லியிருக்க வேண்டும். படுத்திருப்பவர் தாமாக உரிமை கோரமாட்டார். பிறர் கொடுத்தால்தான் உண்டு.

அன்று இரவு சொன்னேன். ரேடியோவை விட்டுக் கத்தும் அலாரத்துக்கே மாற்றி, சத்தத்தைத் துணி போட்டு அடக்கி வைத்தேன். “ஆனா அதை நம்ப வேண்டாம்ப்பா. நீங்க கூப்பிடணும். கூப்பிடலேன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும்” என்றேன். நோயாளியின் தலையிலேயே சுமையை ஏற்றுகிறோமோ என்ற உறுத்தல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. ஒரு வேலை கிடைத்தவர் மாதிரி இருந்தார். கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

சில இரவுகளில் கடிகாரத்தை முந்திக்கொண்டு கூப்பிடுவார். சில இரவுகளில் அலாரம் அடித்ததும் கை நீட்டி அதை அணைத்துவிட்டு, எண்களைப் பார்த்துக்கொண்டிருந்து, இரண்டு பத்துக்குத்தான் கூப்பிடுவார். பத்து நிமிடம் போகட்டும் என்று கொடுத்திருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இல்லை. கொடுக்க உரிமை உள்ளவர் கொடுத்தது.

தூங்குகிறவனுக்குக் கடமை உண்டு என்றுதான் நினைக்கிறேன். தூக்கத்துக்குள் போய் அதைச் செய்ய முடியாது. தூங்கப் போகுமுன், தன்னை எழுப்பும் உரிமையை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படுப்பதுதான் அது.