தவறை எழுதுகிற கை

பெருமாநல்லூரில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்றால், பனியன் கம்பெனிப் பெண்களுக்கு அது கூலி போகிற நாளும்தான். லீவு சொல்லி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாய் சேய் நல அட்டையோடு வந்து நிற்கிறார்கள். ஊசி போடும் கையும் பெண்ணுடையது, பிள்ளையைப் பிடித்திருக்கும் கையும் பெண்ணுடையது. ஏதாவது ஆனால் முதலில் குற்றம் சாட்டப்படுவதும் இந்த இரண்டு கைகளும்தான்.

ஒரு செவிலியரிடம், "உன் தவறை நீயே பதிவேட்டில் எழுது" என்று கேட்கும் உரிமை நமக்கு எப்போது வருகிறது?

அவர் கையில் இருக்கும் பொருள் அத்தனை எளிதல்ல. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பம் பட்டால் குப்பியின் மேல் ஒட்டிய வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பென்டாவேலன்ட் போன்ற மருந்து உறைந்து கெட்டுப்போனால் அந்தச் சதுரம் வாய் திறக்காது. பெட்டியைச் சுமந்தவர் சொன்னால்தான் உண்டு. தட்டம்மை மருந்தைக் கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும், இல்லையேல் கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே குழந்தைக்காகக் குப்பியைத் திறந்து மீதியைக் கொட்டினால், "ஏன் வீணாக்கினாய்?" என்று மேலிருந்து கேள்வி வரலாம். வடித்த சோறு மிஞ்சினால் ஏச்சு வாங்குகிற நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் மாநில அரசு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டுமே ஊசி போட வேண்டும் என்றது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவுதான். ஆனால் கிராமத்துக்கே வந்த கிராம சுகாதார செவிலியர் அந்த வேலையிலிருந்து விலக்கப்பட்டார். தாய்மார் பஸ் பிடித்துப் போக வேண்டியதாயிற்று. பாதுகாப்பின் விலையையும் பெண்களே கொடுத்தார்கள்.

2009இல் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டபோது, பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். பெரும்பாலும் ஆதிவாசிப் பிள்ளைகள். சில சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010இல் திட்டம் நின்றது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனாலும் ஒப்புதல் பெற்ற முறையையும் பின்விளைவுகளைக் கண்காணித்த விதத்தையும் நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. பதிவு ஒழுங்காக இல்லாத இடத்தில் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு என்ன பதில் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தவறுவது வேறு, மறைப்பது வேறு. மறைப்பைத் தண்டிக்கலாம். தவறியதைச் சொன்னதற்காகவே தண்டித்தால், அடுத்த முறை யாரும் சொல்லமாட்டார்கள். அப்போது இறக்கும் பிள்ளைக்கு நாமும் பொறுப்பாளிகள். பிள்ளையை இழந்தவளுக்கு நாம் பட்டிருக்கும் முதல் கடன் உண்மை. அந்த உண்மை, அதைச் சொல்லப் பயப்படும் இன்னொரு பெண்ணிடம் இருக்கிறது.

ஆகவே பதிவேட்டில் செவிலியரின் கை மட்டும் தெரிந்தால் போதாது. கரண்ட் போன நேரம், பழுதான பெட்டியை மாற்றித்தராத அதிகாரி, நிரப்பாத பணியிடம், ஒருவர் தலையில் கட்டிய ஊர்களின் எண்ணிக்கை எல்லாம் அதே பக்கத்தில் ஏற வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த தாய்க்கும் அவள் மொழியில், என்ன ஊசி, என்ன ஆகலாம், ஆனால் யாரிடம் சொல்வது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்வது எதற்கென்றும் அவளுக்குத் தெரிய வேண்டும்.

கேட்பவர்களும் தங்கள் பெயரை அந்தப் பதிவேட்டில் எழுதும் நாளில்தான், "நீயும் எழுது" என்று கேட்கும் உரிமை வரும்.