நகர்வலம்

ஒரு ஊரை அடுத்தவருக்குச் சுற்றிக் காட்டுவதில் அறம் என்று ஒன்று இருக்கிறதா? கோயிலைக் காட்டுகிறார், கோட்டையைக் காட்டுகிறார், இதில் என்ன அறம் வந்தது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தெருவில் நடப்பதே வழக்காக இருந்த நாட்டில் இருந்துகொண்டு அப்படிக் கேட்க முடியாது. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போவதற்கானது அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கானது. அதே 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் எழுந்து, பொதுத்தெருவும் பொதுக்கிணறும் பொது இடமும் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நம்ம செங்கல்பட்டுச் சீமையில், கோழியாளத்தில் பிறந்தவர் அவர். தெருவில் கால் வைப்பதற்கே சட்டசபையில் தீர்மானம் போட்டு வாங்கிய சனத்துக்குத் தெருவைப் பார்க்கும் கண் வேறாகத்தான் இருக்கும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தமிழில் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு 'நகர்வலம்' என்று அழகான சொல் இருக்கிறது. ராஜா யானைமேல் வந்தால் நகர்வலம். சாமி தேரில் வந்தால் திருவீதி உலா. இன்னொருவரும் ஒரு நகரத்தை வலம் வந்தார். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பல்லாவரத்திலிருந்து பஸ் ஏறினால் குன்றத்தூர். அவர் பாடிய திருநாளைப்போவார், அதாவது நம்ம நந்தன், தில்லையின் எல்லைக்கு வருகிறார். உள்ளே வேள்விப் புகை எழும்புவது தெரிகிறது. தன் பிறப்பை நினைத்து உள்ளே போகாமல், அந்த ஊரின் எல்லையையே இரவும் பகலுமாகச் சுற்றிச் சுற்றி வருகிறார். எம்.ஏ. வகுப்பில் இதைப் பக்தியின் உச்சம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பக்தி இருக்கட்டும். ஊரின் நடுவைக் கண்ணால் காணாத ஒருவர், அந்த ஊரின் விளிம்பைக் காலாலேயே மனப்பாடம் செய்திருக்கிறார். தில்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யார் இருந்திருப்பார்? ஆனால் ஊரைக் காட்டு என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. நெருப்பில் இறங்கி வா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இன்றைக்குச் சென்னையில் நகர்வலம் புது ரூபத்தில் நடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை மணலில் ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்ட 1639 ஆகஸ்ட் 22ஐப் பிறந்த நாளாக வைத்து, 2004இலிருந்து மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறார்கள். ஆகஸ்ட் வந்தால் 'பாரம்பரிய நடை' என்று காலையில் கூட்டம் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துப் போனேன். 1931இல் மின்சார ரயில் விட்ட பாதை. நம்ம பக்கத்துக் கொத்தனாரும் சித்தாளும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் பட்டணத்தைக் கட்டவும் கூட்டவும் துடைக்கவும் இந்தப் பாதையில்தான் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களும் தினம் தினம் நடக்கிறார்கள். அதற்குப் பாரம்பரிய நடை என்று யாரும் பேர் வைக்கவில்லை.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி மண்ணடியிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனுஷர். சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. கோட்டைக்குள் 1680இல் கட்டி முடித்த செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைக் காட்டினார். 1892இல் திறந்த ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடத்தைக் காட்டினார். கடைசியில் பாரி முனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கும் ஒரு கல்தூணிடம் கூட்டிப்போய் நிறுத்தினார். அதில் 1773 ஜனவரி 1 என்று தேதி வெட்டியிருக்கிறது. "இந்த மாதிரி நட்டதில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும்" என்றார். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கல்லின் கதை இதுதான். கோட்டைக்கு வடக்கே, இன்றைக்கு ஹைகோர்ட்டும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் இடத்தில், கறுப்பர் நகரம் என்று ஒரு ஊரே இருந்தது. 1746 முதல் 1749 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர் அடுத்த சில வருஷங்களில் மிச்சத்தையும் இடித்தார்கள். எதிரி படையெடுத்து வந்தால் வீடுகளின் மறைவில் ஒளிந்துகொள்வான், பீரங்கி சுடுவதற்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்பது காரணம். இந்தக் கோட்டுக்கு உள்ளே இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று தூண்களை நட்டார்கள். அதில் தப்பியதுதான் அந்தக் கல். ஒரு ஊரைக் காலி செய்த ஆணைதான் கல்லாக நிற்கிறது. காலி செய்த கல் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது. காலி செய்யப்பட்டவர்கள்?

நான் கேட்டேன்: "இங்க இருந்த சனம் எங்க சார் போச்சு?" அவர் பொறுமையாகவே சொன்னார்: "வடக்கே போனாங்க. அதுதான் இப்போ இருக்கிற ஜார்ஜ் டவுன்." பொய் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரியா போனார்கள்? வியாபாரிக்குத் தெரு கிடைத்தது. வலங்கை, இடங்கை என்று பிரிந்து சண்டை போட்ட சாதிகளுக்கு முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று பேட்டைகள் இருந்தன. இடிபட்ட பெரிய கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது. 1760களில் பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் என்று இரட்டைக் கோயிலாக எழும்பியது. நம் சனத்துக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு சேரி. கம்பெனி காலத்து வரைபடங்களில் அதைப் பறச்சேரி என்று எழுதி, ஒரு கட்டம் போட்டு விட்டுவிட்டார்கள்.

நிற்பதைத்தானே காட்ட முடியும், இல்லாததை எப்படிக் காட்டுவது என்று வழிகாட்டியின் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று காலை ஹைகோர்ட் மதிலுக்கு வெளியே எங்களை நிறுத்தி, "இங்கேதான் பழைய பட்டணம் கோயில் இருந்தது" என்று அவர் காட்டினாரே! அங்கே கோயில் இல்லை. ஒரு செங்கல் இல்லை. ஆனாலும் கூட வந்த அத்தனை பேரும் மரியாதையோடு அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்கள். இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால் இடிந்ததைக் காட்ட அவரால் முடிகிறது. பார்க்கவும் எங்களால் முடிகிறது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டிக் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. நம் சமூகத்திலிருந்து வந்து, மாநிலத்திலும் மத்தியிலும் மந்திரியாக இருந்த அம்மையாரின் பேர் வைத்த குடியிருப்பு. 2019 டிசம்பர் தொடங்கி அந்த வீடுகளை இடித்தார்கள். பள்ளிக்கூடம் நடக்கும் மாதம். பிள்ளைகளின் புத்தகப்பையும் தட்டுமுட்டுச் சாமானும் லாரியில் ஏறிச் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் இறங்கின. அந்த வெற்றிடம் எந்த நகர்வலத்திலும் வருவதில்லை. இல்லாததைக் காட்ட முடியாது என்பது காரணம் இல்லை. எந்த இல்லாமை மரியாதைக்குரியது என்று முன்னமே முடிவாகியிருக்கிறது. அந்த முடிவைத்தான் நான் அறக்கேள்வி என்கிறேன்.

இன்னொன்றையும் அந்தத் தெருக்களில் யாரும் சொல்லவில்லை. 1870களில் வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். கறுப்பர் நகரத்துக் காவல் தெய்வத்தின் வருஷத் திருவிழாவில், ஊர் மொத்தத்தின் சார்பாக அம்மனுக்குத் தாலி கட்டுவார்கள். அப்போது மாப்பிள்ளையாக நின்றவர் ஒரு பறையர். சேரியில் ஒதுக்கிய ஊர், தன் தெய்வத்தின் முன்னால் மட்டும் அவரைத் தேடிப் போயிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணோடு யாருக்கு மூத்த உறவு என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒதுக்கியிருக்கிறது.

நம் தெற்குப் பக்கமும் இதற்குச் சாட்சி சொல்லும். 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, இந்தியா முழுவதையும் அளந்த பெரிய நில அளவையின் முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பக்கம்தான் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் கோடு. அது போய் முடிந்த இடம் பெரும்பாக்கத்துக் குன்று. ஆமாம், அதே பெரும்பாக்கம். மலைமேல் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. வெயிலில் சங்கிலி பிடித்தவனுக்கும் பெட்டி சுமந்தவனுக்கும் பேர்கூட இல்லை. கிராமத்தில் எல்லைத் தகராறு வந்தால் வெட்டியானைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது, எந்த வரப்பு யாருடையது என்று அவர் காலுக்குத் தெரியும். எல்லையைக் காட்டியவர் அவர். அந்த எல்லைக்குள் காணி நிலம் இல்லாதவரும் அவர்தான். இந்த மண்ணில் வழிகாட்டி வேலையை முதலில் பார்த்தவர்கள் நம் பாட்டன்மார்கள். அதற்குக் கூலி கொடுத்தார்கள், மரியாதை கொடுக்கவில்லை.

அப்படியென்றால் நகர்வலத்தைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் கூட்டிவந்துவிட்டால் சரியாகிவிடுமா? இங்கேதான் எனக்குத் தயக்கம். 2000த்திலிருந்து பட்டணத்துச் சேரிகளைக் கொண்டுவந்து கொட்டிய இடம் கண்ணகி நகர். அங்கே மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று வரிசையாக நிரப்பினார்கள். 2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் ஆளுயரத்துக்கும் மேலே பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஓவியத்தை நான் குறை சொல்லமாட்டேன். சுவர் வெறுமையாக இருப்பதைவிட நிறமாக இருப்பது பிள்ளைகளுக்கு நல்லதுதான். பெரும்பாக்கத்தில் ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பட்டணத்தில் நாலு வீட்டில் வேலை செய்தவர்; இங்கே வந்த பிறகு இரண்டு வீடு போய்விட்டது. பஸ்ஸுக்கே விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். "செவுத்தப் பாக்க வர்றவங்க வரட்டும் தம்பி. எங்களப் பாக்க வராதீங்கன்னு சொல்லு. எங்ககிட்ட கேக்க வந்தா வா, டீ போட்டுத் தர்றேன்" என்றார்.

பார்க்க வருவதற்கும் கேட்க வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். சேரியைச் சுற்றிப் பார்த்து இரக்கப்பட்டு அறிக்கை எழுதியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அப்போது நாம் காட்சிப்பொருள். நம் வாயால் நாம் சொல்ல, அவர்கள் காது கொடுத்துக் கேட்கும்போது மட்டும்தான் இரண்டு பக்கமும் மனுஷர்கள்.

தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று தொண்ணூறுகளில் பெரிய விவாதம் நடந்தது. அதையே இங்கேயும் கேட்கலாம்: ஊரை யார் காட்டலாம்? நம்மில் பிறந்தவர்தான் காட்ட வேண்டும் என்று முடித்துவிடுவது சுலபம். நம் பிள்ளைகள் வழிகாட்டிகளாக வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. நம் பிள்ளையே கையில் மைக் பிடித்துக்கொண்டு கோட்டையும் கல்தூணும் மட்டும் காட்டிவிட்டுப் போனால் என்ன பயன்? யார் காட்டினாலும், எதைச் சொல்லாமல் தாண்டிப் போனோம் என்பதற்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். காட்டுபவருக்கு மட்டும் அல்ல, கூட நடப்பவருக்கும் அந்தக் கடமை உண்டு. இங்கே இருந்தவர்கள் எங்கே என்று கேட்காமல் நடக்கிறவர், தன் காலுக்கடியில் இருக்கும் மண்ணை இன்னொரு முறை காலி செய்கிறார்.

நம் மொழியில் வழிகாட்டுவதற்கென்றே ஒரு இலக்கிய வகை இருக்கிறது: ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு அந்த வகை. திருமுருகாற்றுப்படையை விட்டுவிடுங்கள், அது கடவுளிடம் ஆற்றுப்படுத்துவது. மற்ற நான்கிலும் வழி சொல்பவர் யார்? பாணர், பொருநர், கூத்தர். பசியோடு அந்தப் பாதையில் முன்னால் நடந்து போய், பரிசில் வாங்கித் திரும்பியவர். யாருக்குச் சொல்கிறார்? எதிரே பசியோடு வருகிற தன்னைப் போன்ற இன்னொருவருக்கு. எந்த வழியில் போகலாம், எங்கே ஆபத்து, எந்த ஊரில் சோறு போடுவார்கள், என்ன சோறு என்றுகூடச் சொல்கிறார். அந்தப் பாட்டுகளிலும் அரசனைப் புகழும் வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் தான் பட்டதை அடுத்தவன் படக்கூடாது என்ற எண்ணம்தான் அங்கே ஒருவரை வழிகாட்டி ஆக்குகிறது.

அப்படியொரு நடையைப் பாரி முனைக் கல்லில் தொடங்கலாம். கூவம் கரை வழியாகச் சென்ட்ரல், அங்கிருந்து ரயிலில் பரங்கிமலை, பிறகு லாம்டன் அளந்த கோட்டை ஒட்டியே பெரும்பாக்கம். ஒரே நாளில் முடிகிற தூரம்தான். அங்கே வழிகாட்டியாக முன்னால் நடக்க, சத்தியவாணி முத்து நகரிலிருந்து வந்த பெண்கள் இருக்கிறார்கள். எந்த வீடு எங்கே இருந்தது, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், லாரி வந்த அன்று யார் அழுதார்கள், யார் அழாமல் கல்லாக நின்றார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பதைக் கூலியாகக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். காட்ட வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற கதவைத் தட்டக்கூடாது. மெட்ராஸ் தினம் கொண்டாடும் நண்பர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன். வருகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், வெயில் அதிகம்.