மிஞ்சிய தண்ணீர் யாருக்கு?



சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசாங்க மானியம் உண்டு. நம் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்கும் திராட்சைக்கும் அது பேருதவியே.

ஆனால், மிஞ்சிய தண்ணீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தால், கிணறு முன்போலவே வற்றுமன்றோ? தண்ணீர் மிஞ்சட்டும் என்றுதானே மானியம் கொடுத்தார்கள்! அது ஊரார் வரிப்பணம். நிலமில்லாத கூலியாளும் சோப்பு வாங்கும்போது அதில் தன் பங்கைச் செலுத்துகிறார்.

பூமியின் பொருள்கள் எல்லாருக்குமானவை என்று 1965-ல் வத்திக்கான் சங்கம் போதித்தது. நிலத்துக்குப் பட்டா உண்டு. ஊற்றுக்கு ஏது பட்டா? சர்வேசுரன் திருமுன் நாம் கணக்குக் கொடுக்கவேண்டிய காரியஸ்தரே. ஆகையால், மோட்டாரைப் போடுமுன் அண்டைத் தோட்டக்காரரின் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.