முன்னும் பின்னும்

பாட்டி சுட்ட வடையைக் காகம் தூக்கிச் சென்ற கதையை அறியாத தமிழ்க் குழந்தை அரிது. அக்கதையை நான்கு சித்திர அட்டைகளாக்கிக் கலைத்து, பாலர் பள்ளிச் சிறுமி ஒருத்தியிடம் கொடுப்பதாகக் கொள்வோம். காகம் வடையைத் திருடுகிறது. நரி பாடச் சொல்கிறது. விழுந்த வடையைக் கவ்வுகிறது. இம்மூன்றையும் முறையாக அடுக்கியவள், பாட்டி வடை சுடும் அட்டையை மட்டும் இறுதியில் வைக்கிறாள். தவறு என்று திருத்திவிடுவது ஆசிரியருக்கு எளிது. ஆனால், "ஏன் அம்மா இப்படி வைத்தாய்?" என்று வினவினால், "காக்காவுக்குப் பசிக்குமே, பாட்டி மறுபடியும் சுட்டுக் கொடுப்பாங்க" என்கிறாள். இங்கே பிழை எங்கே உள்ளது?

முறை இருவகைப்படும். விதை, முளை, மரம் என்பது நிகழ்முறை; எவர் விருப்பத்திற்கும் அது வளையாது. மற்றொன்று சொல்முறை, அது சொல்வோன் உரிமை. சிலப்பதிகாரத்தின் பதிகம், காப்பியம் தொடங்குமுன்பே அதன் முடிவைக் கூறிவிடுகிறது. அதனால் இளங்கோவடிகள் முறை தவறினார் என்பார் உண்டோ?

அட்டைகளை அடுக்கிவிட்டால் மட்டும் அறிவு நிறைந்துவிடுவதில்லை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழி, முன் நிகழ்ந்தது எல்லாம் காரணமாகாது என எச்சரிக்கிறது. கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடில்களை அழித்தன. பின்னர், சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு பணித்தார். செங்கற்சூளைகள் பெருகின, பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் நிலைத்தது. இந்நிகழ்ச்சிகளைப் படங்களாக்கினால், 'பிறகு' என்னும் சொல் அவற்றை வரிசைப்படுத்தும். 'ஆகவே' என்னும் சொல்லே அவற்றை விளக்கும். அட்டைப் பயிற்சியின் உண்மைப் பயன் அச்சொல்லைக் குழந்தை தன் வாயால் சொல்வதில் உள்ளது.

இதில் நீதியும் அடங்கியுள்ளது. விளையாட்டிடத்தில் இருவர் சண்டையிட்டால், யார் முதலில் அடித்தார், எதனால் அடித்தார் என்று கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையே நம்பப்படுகிறது. சொல்லத் தெரியாத பிள்ளை, குற்றமற்றதாயினும் தலைகுனிந்து நிற்கிறது. நிகழ்ந்ததை முறைப்படக் கூறும் ஆற்றல், எளியவனுக்குக் கிடைத்த முதற் காவல்.

டேவிட் வெக்ஸ்லர் 1949இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான நுண்ணறிவுச் சோதனையிலும் சித்திரங்களை அடுக்கும் பகுதி இருந்தது. வரிசைக்கும் விரைவுக்குமே அங்கு மதிப்பெண். 2003ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. அளப்பது சோதனையின் தொழில்; வளர்ப்பது வகுப்பறையின் தொழில். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்பிற்குள் கொணர்ந்தது. ஆயினும், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ ஒரு பிள்ளையின் விடையைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமையை எச்சட்டமும் தந்துவிட முடியாது.

அப்படியாயின் பிள்ளை வைத்ததெல்லாம் சரிதானா? அன்று. மரத்திற்குப் பின் அதே மரத்தின் விதையை வைத்தால் திருத்தியே ஆகவேண்டும். உண்மையை மறைக்கும் பரிவு ஆசிரியர்க்கு அறமாகாது. ஆனால், திருத்தும் கைக்கு முன் கேட்கும் செவி செல்லவேண்டும். காகத்தின் பசியை எண்ணிய சிறுமியிடம், "முதல் வடையை யார் சுட்டது?" என்று மட்டும் கேட்டால் போதும். அட்டையை அவளே முன்னால் நகர்த்துவாள். பின்னர், காகத்திற்காக ஐந்தாவது அட்டை ஒன்றும் கேட்பாள். அதை வரைந்து கொடுப்பவரே ஆசிரியர்.