மனம் உடைந்தவருக்கு மார்க்கம் கூறுவதென்ன?

"ஐவேளையும் தொழுகிறவர், திக்ரு, ஸலவாத்து தவறாதவர். அவருக்கேன் இந்த மனச்சோர்வு? ஈமானில்தான் பலவீனமோ?" இப்படிப் பேசுவோரை நம் மஹல்லாக்களில் பரவலாகக் காண்கிறோம். காய்ச்சல் கண்டவரிடம் எவரும் கேட்காத கேள்வியை, மனம் நோயுற்றவரிடம் மட்டும் கேட்பது நியாயந்தானா?

திருக்குர்ஆனின் 19-வது அத்தியாயத்தைச் சிந்தித்துப் பாருங்கள். பிரசவ வேதனையும் பழிச்சொல்லின் அச்சமும் ஒருசேர வாட்ட, பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கிய அன்னை மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று புலம்பினார்கள். இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மாதரசியின் நாவிலேயே அச்சொல் வந்ததென்றால், துயரின் மிகுதியை ஈமானின் குறையென்று தீர்ப்பளிக்க நாம் யார்?

அவர்களுக்குக் கிடைத்த மறுமொழியோ இன்னும் சிந்திக்கத் தக்கது. அதில் கண்டனமில்லை. கவலைப்பட வேண்டாமென்ற ஆறுதல் முதலில் வந்தது. காலடியில் நீரோடை காட்டப்பட்டது. உண்ணவும் பருகவும் சொல்லப்பட்டது. ஊராருக்கு விளக்கம் கூறும் சுமையும் நீக்கப்பட்டது. இவற்றுக்கிடையே, மரத்தைப் பிடித்து உலுக்குமாறு ஒரு கட்டளையும் இருந்தது. பிரசவ வேதனையில் தளர்ந்த பெண்ணின் கைக்குப் பேரீச்ச மரம் அசையுமா? ஆயினும், இயன்ற சிறு முயற்சியை அவர்களும் செய்ய வேண்டுமென்பது இறைநாட்டம்.

பிறர் உதவி, சுயமுயற்சி ஆகிய இவ்விரண்டையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். வீட்டில் மருந்தைச் சேமிப்பதுபோல், மனம் தெளிந்திருக்கும் வேளையிலேயே ஆறுதலான எண்ணங்களைச் சேமித்துக்கொள்ள வேண்டும். பிறரின் நல்லுரையும் துணைக்கு வேண்டும் என்பது அவர் கருத்து.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். மனநோயை அதிலிருந்து அவர்கள் விலக்கவில்லை. எனவே மருத்துவரை நாடுவது தவக்கலுக்கு முரணன்று. ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. அதைக் காரணம் காட்டி மருந்தைத் தடுப்பதையே மறுக்கிறோம். 2001 ஆகஸ்டு 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது 28 மனநோயாளிகள் மாண்டனர். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் பலருக்குத் தப்பியோட வழியில்லை. அந்தச் சங்கிலியை மார்க்கம் பூட்டவில்லை. நம் அறியாமையே பூட்டியது. 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் இவ்வாறு பிணைப்பதைத் தடை செய்துள்ளது.

"சாக வேண்டும் போலிருக்கிறது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், "ஹராம்!" என்று அதட்டி அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்கிறாரெனில், வேதனை அவ்வளவு பெரிது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். மருத்துவரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண்ணாகிய 14416-ல், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். துயருற்றவர் தாமே அழைப்பதும் மரத்தை உலுக்குவது போன்றதொரு முயற்சியன்றோ!

மனம் உடைந்தோருக்கு ஷிஃபாவையும், அவர்களருகே அமர்ந்து செவிசாய்க்கும் பொறுமையை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.