பாய்ந்தவரும் ஓடிவந்தவரும்

ஜான் தாம்சன், ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த பையன். 17 வயதில் செல்டிக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக ஒப்பந்தமானார். 1931 செப்டம்பர் 5, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானம். ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்கிலிஷ் பந்தோடு பாய்ந்து வர, அவர் காலடியிலேயே விழுந்து தடுத்தார் தாம்சன். முழங்கால் தலையில் மோதியது. அன்றிரவே உயிர் போனது, வயது 22.

அவரைப் பற்றிப் பாட்டே உண்டு. எனக்கோ மனம் இங்கிலிஷ் பக்கம்தான் போகிறது. விசாரணையில் விபத்து என்றே முடிவானது. அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 44 கோல் அடித்தார். அது ரேஞ்சர்ஸ் சாதனை. ஆனாலும் ரசிகர்களின் வசவு ஓயவில்லை. லிவர்பூலுக்கு மாறினார், அங்கும் துரத்தியது. 1938இல், முப்பது வயது நிறையுமுன், ஆட்டத்தையே விட்டுவிட்டார்.