ஈர்க்குச்சி

மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, ராத்திரிக்கு அரிசி களைவதற்கு முன்னால், எனக்கென்று ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பின்கட்டில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்தால் எதிரே எங்கள் செஞ்சியின் கிருஷ்ணகிரிக் கோட்டை தெரியும். ஏழு வருடமாக அந்த நேரத்தில் மண்ணில் நகை செய்துகொண்டிருக்கிறேன். ஜிமிக்கி, தொங்கட்டான், கழுத்துக்கு மணிமாலை. விற்பதற்கு இல்லை. நாத்தனார் மகள்களுக்கும், வளைகாப்பு வீடுகளுக்கும், நவராத்திரிக்குத் தாம்பூலம் வாங்க வருகிற பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவேன். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அன்றிலிருந்து, "கோட்டை வாசல்ல ஒரு கடை போடேன்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. போடலாம். ஆனால் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு விலை வைத்துவிட்டால் அது என் நேரமாக இருக்காது.

மண், ஏரி மண். வேரும் கல்லும் பொறுக்கி, இரண்டு நாள் ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டினால் அடியில் வெண்ணெய் மாதிரி படியும். அதை அடித்துப் பிசைய வேண்டும். உள்ளே காற்றுக்குமிழியில் ஒரு கடுகளவு ஈரம் நின்றாலும் நெருப்பில் மணி வெடித்துவிடும். காய்வது நிழலில்தான். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே காயாமல் விரிசல் விடும். சுடுவதற்கு ஓட்டை போட்ட பானை, வறட்டி, உமி. நெல் மூட்டை வந்து குவிகிற ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. காற்று தாராளமாகப் போனால் மணி செங்கல் நிறத்தில் வரும். மூட்டம் போட்டு அடக்கினால் அதே மண் கறுப்பாக வரும்.

துளை போடுவதுதான் இதில் நுணுக்கம். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சிதான் எனக்கு ஊசி. ஒரே பக்கமாகக் குத்தினால் மறுபக்கம் மண் பிதுங்கிக்கொண்டு வரும். பாதி வரை திருகித் திருகி இறக்கி, உருவி, மறுபக்கத்திலிருந்து மீதிப் பாதியைக் குத்த வேண்டும். இரண்டு வழியும் உள்ளே சந்திக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். சுட்டால் மண் சுருங்கும் என்பதால் துளையைக் கொஞ்சம் பெரிதாகவே விட வேண்டும். இதற்காகவே ஒரு சின்னக் கட்டு குச்சி சீவி வைத்திருக்கிறேன்.

போன தை மாதம் ஒரு நாள் என் மாமியார் எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஏதோ கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டி என் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவினார். பல்லால் கடித்து அரை அங்குலத்துக்கு ஒடித்தார். காதிலிருந்த பழைய துண்டைத் தள்ளிவிட்டுப் புதியதைச் செருகினார். மறு காதுக்கு இன்னொன்று. பேச்சு ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கை தானாகச் செய்த வேலை அது.

மாமா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. கருமாதி அன்று அத்தையின் வளையலை உடைத்தார்கள், தாலியை வாங்கினார்கள், மெட்டியைக் கழற்றினார்கள். பூவும் குங்குமமும் அன்றோடு நின்றன. தோடு அதற்கு முன்பே போயிருந்தது. மாமாவின் வைத்தியச் செலவுக்கு அடகு வைத்தது, மீட்க முடியாமல் முழுகிப்போனது. தோடு போட்டுக்கொள்ள எங்கள் வழக்கத்தில் தடை ஒன்றும் இல்லை. போடாதே என்று யாரும் சொல்லவில்லை, போட்டுக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை. "அத்தை எல்லாத்தையும் விட்டுட்டாங்க" என்று வந்தவர்களிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஊரிலிருக்கிற காதுக்கெல்லாம் செய்துகொண்டிருந்த எனக்கு, தினமும் எதிரே உட்கார்ந்திருந்த அந்த இரண்டு காதுகள் கண்ணில் படவே இல்லை.

எல்லாவற்றையும் விட்டவர் எதற்காகக் காது ஓட்டை தூராமல் பார்த்துக்கொள்கிறார்? அன்று கேட்டேன். "தூந்துட்டா அசிங்கமா பூடும்மா" என்று சொல்லிவிட்டு மொச்சையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. துறந்தது, பறிபோனது, யாரும் கவனிக்காமல் கழன்று போனது. மூன்றும் ஒன்றா? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூன்றும் வெறும் காதுதான். அந்த வெறும் காதைப் பார்த்துப் புனிதம் என்று கையெடுத்துக் கும்பிட எப்போது நமக்கு உரிமை வருகிறது?

செஞ்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுபோய் வைக்க ஒரு குன்று இருக்கிறது. சிறுகடம்பூரை ஒட்டிய திருநாதர்குன்று. கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே ஏறுவதில்லை. மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில் வரிசைக்குப் பன்னிரண்டாக, இரண்டு வரிசையில் 24 தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உடையில்லை, நகையில்லை. பக்கத்தில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அவர் இருந்த இடத்தை அது நிசீதிகை என்கிறது. ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு என்பார்கள் அறிஞர்கள். தமிழ்க் கல்வெட்டில் ‘ஐ’ என்ற எழுத்து முதன்முதலில் தென்படுவது இதில்தான் என்றும் சொல்வார்கள். ஐம்பத்தேழு என்ற சொல்லின் முதலெழுத்து அது. பிற்காலத்தில் இளையபட்டாரகர் என்ற இன்னொருவரும் அங்கே 30 நாள் நோன்பிருந்திருக்கிறார்.

மாசி மாதம் ஒரு காலையில் அந்தப் பாறையின் முன்னால் நின்றபோது, காதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, காது நினைவுதான் வந்தது. சமணச் சிற்பங்களில் தீர்த்தங்கரர்களின் காது நீண்டு தொங்கும். புத்தருக்கும் அப்படித்தான். மகான்களின் லட்சணம் என்பது ஒரு விளக்கம். அரசகுமாரர்களாக இருந்த நாளில் கனமான குண்டலம் போட்டு இறங்கிய காது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் மனசுக்குப் பிடித்திருக்கிறது. இருபத்து நான்கு பேரும் அரச குலத்தில் பிறந்தவர்கள் என்பதுதான் சமண மரபு. மகாவீரர் வீட்டைவிட்டுப் போகிறபோது தன் ஆபரணங்களைத் தன் கையாலேயே கழற்றினார். கழற்ற அவரிடம் இருந்தது. அதைப் பறிக்க யாரும் கை நீட்டி நிற்கவில்லை.

இதை யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தது. பக்கத்துத் தெருவில் நயினார் வீட்டு அக்கா ஒருவர் இருக்கிறார். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை நயினார் என்பார்கள். மேல்சித்தாமூர் மடம் இவர்களுக்குத் தலைமை. அந்த அக்கா பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். கையில் வளையலும் கழுத்தில் செயினும் எப்போதும் உண்டு. சமணத்துக்கும் நகைக்கும் எப்படி ஒத்துவருகிறது என்று கேட்டேன். துறவிக்கு ஒன்றும் கூடாது, இல்லறத்தாருக்கு அளவு உண்டு என்றார். நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு என்று தனக்குத் தானே ஓர் எல்லை போட்டுக்கொள்வது அவர்களுக்கு விரதம். "அந்தக் கோட்டை நாமதான் போட்டுக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க போட்டா அது விரதமில்ல" என்றார்.

சந்திரநந்தி இருந்த நோன்பைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். சல்லேகனை என்று அதற்குப் பெயர். தீராத நோய், தள்ளாமை, கடும் பஞ்சம் என்று உடம்பு இனி அறத்துக்கு உதவாது என்ற நிலையில்தான் அதை எடுக்கலாம், அதுவும் ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் அதற்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. நோன்பில் இருப்பவர் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடிருக்க ஆசைப்பட்டால் குற்றம். சீக்கிரம் செத்துப்போனால் தேவலை என்று நினைத்தாலும் குற்றம். நண்பர்களை நினைத்து உருகுவது, அனுபவித்த சுகங்களை அசைபோடுவது, இதனால் நாளைக்கு இன்ன பலன் கிடைக்கட்டும் என்று விரும்புவது, எல்லாம் குற்றம். சாகத் துணிந்தவர் சாவை விரும்பினாலே விரதம் கெட்டுவிடும் என்பது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெறுப்பில் விடுவதைத் துறவு என்று அவர்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக்குச் சமம் என்று தடை செய்தது, அந்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வயதானவர்களைக் குடும்பமும் ஊரும் சேர்ந்து இதில் தள்ளிவிடக்கூடும் என்ற பயம் ஒரு பக்கம். தானே தேர்ந்தெடுத்த வழியை எப்படிக் குற்றமாக்கலாம் என்ற வருத்தம் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் அந்த மரபில் ஓர் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. கருமாதி வீட்டில் அந்த இடமே இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு வெறுமையும் எங்கள் ஊரில் உண்டு. பழைய செஞ்சி என்று சொல்லப்படுகிற மேலச்சேரியில் இருப்பது திரௌபதி அம்மன். இந்த வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டுக்கே அதுதான் தாய்வீடு என்பார்கள். அவளும் பூவில்லாமல் இருந்தவள். அவிழ்ந்த கூந்தலை முடிய மாட்டேன் என்று சபையில் சபதம் போட்டாள். அது துறவு இல்லை, கோபம். ஆனால் அவளுடைய சொந்தக் கோபம். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் படுகளத்தன்று மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் பெரிய உருவமாகத் தரையில் படுக்கவைப்பார்கள். என் கைக்குப் பழகிய அதே களிமண். அவன் விழுந்ததும் அம்மனுக்குக் கூந்தல் முடிந்து பூ வைப்பார்கள். அதே களத்தில் காந்தாரி வேடம் கட்டியவர் ஒப்பாரி வைப்பார். ஒருத்திக்குப் பூ ஏறுகிற இடத்தில் இன்னொரு குடும்பத்துப் பெண்களுக்குப் பூ இறங்குகிறது. பெண்கள் எல்லோரும் அம்மனை நெருங்கிப் போவார்கள். அத்தை ஒப்பாரி நடக்கிற பக்கமாக நின்றுவிடுவார். வருடா வருடம் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்குப் பயந்து ஒதுங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

பங்குனியில் ஒரு ஜோடி தோடு செய்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மொட்டு, சுற்றி ஒரே வரி இதழ். பெயின்ட் அடிக்கவில்லை, வார்னிஷ் பூசவில்லை. சுட்டு எடுத்த செங்கல் நிறம் அப்படியே. பின்னால் வெள்ளிக் கம்பி வைத்து ஒட்டி, கனம் இழுக்கிறதா என்று என் காதில் ஒரு பகல் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். பிறகு கழுவித் துடைத்து அத்தையிடம் நீட்டினேன்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா இது?"

"உங்களுக்குத்தான் செஞ்சேன் அத்தை. போட்டுக்கறீங்களா?"

வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். நகத்தால் இதழை நிரடிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் விளக்கு மாடத்தில் அகலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து, சாதம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே பேசினார். "அன்னிக்குக் கைய நீட்டுன்னாங்க, நீட்டுனேன். கால நீட்டுன்னாங்க, நீட்டுனேன். யாரும் ஒரு வார்த்த கேக்கல. பதினோரு வருசத்துல நீ ஒருத்திதான் கேட்டிருக்க. இரு, யோசிச்சு சொல்றேன்."

அவர் போட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அந்த ஆசையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அடியில் நல்ல மருமகள் என்ற பெயர் உட்கார்ந்திருக்கிறது, பதினொரு வருடம் கேட்காமலிருந்த குற்றத்தைக் கழுவிக்கொள்கிற அவசரமும் உட்கார்ந்திருக்கிறது. பலனை விரும்புவது ஐந்தாவது குற்றம். வளையலை உடைத்தவர்களும் அவர் நன்மைக்கு என்றுதான் உடைத்தார்கள். இன்னொரு தடவை, "போட்டுக்கோங்க அத்தை" என்று நான் வற்புறுத்தினால் அந்தக் கூட்டத்தோடு நானும் போய் நின்றுவிடுவேன். மாமாவின் நினைவாக இந்தக் காது இப்படியே இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்யலாம். மண்ணானாலும் தோடு தோடுதான் என்று ஒரு நாள் போட்டுக்கொள்ளலாம். அதனால் அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

நாலு மாதம் ஆகிவிட்டது. தோடு மாடத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அத்தை மாடத்தைத் துடைக்கும்போது அதை எடுத்து முந்தானையால் ஒற்றி, விளக்கேற்றிய பிறகு திரும்ப அதே இடத்தில் வைக்கிறார். இப்போதெல்லாம் சாயங்காலம் என்னோடு மணி உருட்டவும் உட்காருகிறார். அவர் உருட்டுகிற மணிகள் அளவு மாறாமல் வருகின்றன, சீடை உருட்டிய கை. நேற்றுச் சந்தையிலிருந்து புதுத் துடைப்பம் வாங்கி வந்தேன். நான் கட்டைப் பிரிப்பதற்குள் அவரே இரண்டு குச்சியை உருவி, வளைத்துப் பார்த்து, பல்லில் வைத்து ஒடித்துக்கொண்டார்.